ஆண்ட்ராய்டு போன்மி

ஆண்ட்ராய்டு போன்மி என்பது ஆண்ட்ராய்டு இயங்குதளம் கொண்ட திறன்பேசி, கைக்கணினி முதலிய சாதனங்களைக் கணினியின் திரையில் மென்பொருள் வடிவில் உருவாக்கி இயக்கும் ஒரு நிரல் ஆகும். கூகிள் நிறுவனம் இதனை ஆண்ட்ராய்டு மென்பொருள் உருவாக்கத் தொகுப்பின் ஒரு பகுதியாக 2007 ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கி வருகின்றது. செயலிகளை எழுதுவோர் கையில் திறன்பேசி இல்லாமலேயே தம் படைப்புகளை இயக்கிப் பார்க்க இது உதவுகின்றது. விண்டோஸ், லினக்சு, மாக் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் இது இயங்கும்.

போன்மியினுள் இயங்குவது ஆண்ட்ராய்டின் சாயல் அன்று, ஆண்ட்ராய்டே ஆகும். லினக்சு கருனி முதல் முகப்புத் திரை வரை அனைத்தும் முழுமையாக அதனுள் தொடங்கி இயங்குகின்றன. போலியாக அமைவது அவற்றின் கீழேயுள்ள வன்பொருள் மட்டுமே. மின்கலம், தொடுதிரை, ஒளிப்படக்கருவி, சிம் அட்டை ஆகிய எல்லாம் கணினி நினைவகத்தில் இருக்கும் நிரல்களே.

இக்கட்டுரையில் செயலி என்னும் சொல் திறன்பேசியில் நிறுவப்படும் பயன்பாட்டு மென்பொருளையும், மையச் செயலகம் என்பது கணக்கிடும் சில்லையும் குறிக்கும்.

பெயர்

ஆங்கிலத்தில் எமுலேட்டர் எனப்படுவதே தமிழில் போன்மி எனப்படுகின்றது. ஒன்றைப் போன்று இயங்குவது என்பது இதன் பொருள். சிமுலேட்டர் எனப்படுவது இதனின்றும் வேறானது. இரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் பரவலாக இருப்பினும், நிரலாளருக்கு இவ்வேறுபாடு முதன்மையானது. ஆப்பிள் நிறுவனம் ஐபோனுக்காக வழங்குவது சிமுலேட்டர் ஆகும். அதில் இயங்கும் செயலி, மாக் கணினியின் மையச் செயலகத்துக்கென்றே தனியாகத் தொகுக்கப்படுகின்றது. ஐபோனின் இயங்குதளக் கருனி அங்கு இயங்குவதில்லை. மாக்கின் கருனியே வேலை செய்கின்றது. இதனால் அது விரைவாகத் தொடங்கும். ஆனால் அங்கு இயங்கும் நிரற்கோப்பும் தொலைபேசிக்குச் செல்லும் நிரற்கோப்பும் ஒன்றல்ல. போன்மியோ தொலைபேசிக்கு உரிய செயலிக் கோப்பையே ஏற்று இயக்க முற்படுகின்றது.

முன்னோடிகள்

கையடக்கச் சாதனங்களைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் வழக்கம் ஆண்ட்ராய்டுக்கு முன்னரே இருந்தது. பாம் நிறுவனத்தின் கைக்கணினிகளுக்கான போன்மி, மோட்டரோலாவின் 68000 குடும்பச் சில்லைப் போன்மித்தது. அதனை இயக்குவதற்குச் சாதனத்தின் நிலைநினைவகப் படி ஒன்று தேவைப்பட்டது. சிம்பியன் இயங்குதளத்தின் போன்மி எனப்பட்டது உண்மையில் சிமுலேட்டர் வகையைச் சேர்ந்தது. செயலிகளை விண்டோஸ் கணினிக்கெனத் தனியாகத் தொகுக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விசுவல் ஸ்டூடியோ 2005 உடன் வழங்கிய விண்டோஸ் மொபைல் போன்மி, ஆர்ம் கட்டளைகளை அப்படியே ஏற்கும் உண்மையான போன்மியாக இருந்தது.

வரலாறு

2007 நவம்பர் 12 அன்று ஆண்ட்ராய்டு மென்பொருள் உருவாக்கத் தொகுப்பின் முன்னோட்டப் பதிப்பு வெளியானது. அப்போது ஆண்ட்ராய்டுத் தொலைபேசி எதுவும் விற்பனைக்கு வரவில்லை. முதல் தொலைபேசியான எச்டிசி டிரீம், டி-மொபைல் ஜி1 என்னும் பெயரில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2008 அக்டோபர் 22 அன்றுதான். இடைப்பட்ட ஏறத்தாழ ஓராண்டுக் காலம், கூகிளுக்கும் அதன் கூட்டாளி நிறுவனங்களுக்கும் வெளியே இருந்தோருக்கு ஆண்ட்ராய்டு என்பது போன்மியின் சாளரத்தில் தெரிந்ததே ஆகும்.

இவ்வாறு இல்லாத தொலைபேசிக்கு எழுதுமாறு நிரலாளரை ஊக்குவிக்க, ஆண்ட்ராய்டு டெவலப்பர் சேலஞ்ச் என்னும் போட்டியைக் கூகிள் அறிவித்தது. மொத்தப் பரிசுத் தொகை ஒரு கோடி அமெரிக்க டாலர். 2008 ஏப்ரல் 14 அன்று முடிவுற்ற முதற் கட்டத்துக்கு 1,788 செயலிகள் வந்து சேர்ந்தன. அவற்றின் ஆசிரியர்களுள் ஏறத்தாழ அனைவரும் கணினித் திரையில் சுட்டியைக் கொண்டே தம் செயலிகளைத் தொட்டுப் பார்த்திருக்க முடியும். கைவிரலுக்குப் பொத்தான் போதிய அளவினதா என்பதை அறிய அவர்களுக்கு வழி இல்லை.

2009 ஏப்ரலில் வந்த 1.5 பதிப்பு, மெய்நிகர் சாதனம் என்னும் கருத்தை அறிமுகப்படுத்தியது. அதன் பின்னரே ஒரே கணினியில் வெவ்வேறு திரையளவும் வெவ்வேறு ஆண்ட்ராய்டுப் பதிப்பும் கொண்ட பல சாதனங்களை அமைத்து வைத்துக்கொள்வது எளிதாயிற்று. தொடக்கத்தில் எக்லிப்ஸ் சூழலுடன் இணைந்து பயன்பட்ட போன்மி, 2013 இல் அறிவிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் பகுதியாகப் பின்னர் மாறியது.

இயங்கும் முறை

போன்மியின் அடித்தளமாக இருப்பது கியூஎமு என்னும் கட்டற்ற மென்பொருள் ஆகும். பிரான்சு நாட்டு நிரலாளர் ஃபாப்ரீஸ் பெலார்டு இதனை 2003 இல் வெளியிட்டார். ஒரு வகை மையச் செயலகத்துக்காக எழுதப்பட்ட கட்டளைகளை மற்றொரு வகைச் செயலகத்தின் கட்டளைகளாக ஓட்டத்தின்போதே மொழிபெயர்ப்பது இதன் பணி.

இம்மொழிபெயர்ப்பு தேவைப்பட்டமைக்குக் காரணம் எளிது. திறன்பேசிகளில் பெரும்பாலும் இருப்பவை ஆர்ம் வகைச் சில்லுகள். மேசைக் கணினிகளில் இருந்தவை இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் எக்ஸ்86 வகைச் சில்லுகள். ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது.

கியூஎமு ஆர்ம் கட்டளைகளை ஒவ்வொன்றாக அன்றிச் சிறு தொகுதிகளாக எடுத்துக்கொள்கின்றது. ஒரு கிளைத்தல் கட்டளை வரும் வரையுள்ள பகுதி ஒரு தொகுதியாகக் கொள்ளப்படும். அது எக்ஸ்86 கட்டளைகளாக மாற்றப்பட்டு நினைவகத்தில் சேமிக்கப்படும். அதே தொகுதி மீண்டும் வந்தால் சேமித்து வைத்ததே பயன்படும். மொழிபெயர்ப்பு மீண்டும் நிகழாது. ஆயிரம் முறை சுழலும் ஒரு மடக்கு ஒரு முறை மட்டுமே மொழிபெயர்க்கப்படுகின்றது.

இத்தனை சிக்கனத்துக்குப் பின்னரும் இழப்பு பெரிதாகவே இருந்தது. 32 பிட்டு ஆர்ம் சில்லில் 16 பொதுப் பதிவகங்கள் உண்டு. 32 பிட்டு எக்ஸ்86 சில்லில் 8 மட்டுமே. எனவே ஆர்ம் பதிவகங்களை நினைவகத்தில் வைத்து, வேண்டும்போது எடுத்து, மீண்டும் வைக்க வேண்டும். மேலும் போன்மியினுள் நிகழும் ஒவ்வொரு நினைவக அணுகலுக்கும், அந்த முகவரி கணினியின் உண்மை நினைவகத்தில் எங்கு உள்ளது என மென்பொருளே தேடிப் பார்க்க வேண்டும். தொலைபேசியில் இவ்வேலையை வன்பொருள் செய்துவிடும்.

இவற்றோடு ஆண்ட்ராய்டுக்கே உரிய மற்றொரு சுமையும் சேர்ந்தது. ஆண்ட்ராய்டுச் செயலிகள் பெரும்பாலும் ஜாவா மொழியில் எழுதப்பட்டு, டால்விக் என்னும் மெய்நிகர் பொறிக்கான இடைநிலைக் குறியீடாக மாற்றப்பட்டன. 2010 இல் வந்த 2.2 பதிப்புக்கு முன்னர், டால்விக் அக்குறியீட்டை வரிக்கு வரி விளக்கியே இயக்கியது. ஆக, கணினியில் ஒரு சிறு கூட்டல் நிகழவும் இரண்டு இடையாட்கள் தேவைப்பட்டனர். டால்விக் இடைநிலைக் குறியீட்டை ஆர்ம் கட்டளைகளைக் கொண்டு விளக்க, அந்த ஆர்ம் கட்டளைகளைக் கியூஎமு எக்ஸ்86 கட்டளைகளாக மாற்றியது. ஜி1 தொலைபேசியின் சில்லு 528 மெகா ஏர்ட்சு வேகமே கொண்டது. அதனை விடப் பல மடங்கு விரைவான கணினிகளிலும் போன்மி அத்தொலைபேசியை விட மெதுவாக இயங்கியமைக்கு இதுவே காரணம்.

வேகச் சிக்கலும் தீர்வும்

2011 இல் கைக்கணினிகளுக்கென ஆண்ட்ராய்டு 3.0 வந்தபோது நிலைமை மேலும் மோசமாகியது. பெரிய திரையின் ஒவ்வொரு புள்ளியையும் மையச் செயலகமே வரைய வேண்டியிருந்ததால், சாளரம் ஒன்று திறப்பதைக் காண நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நிரலாளர் பலர் போன்மியைக் கைவிட்டுத் தொலைபேசியை வாங்கிக்கொண்டனர்.

2012 மார்ச்சில் வெளியான கருவித்தொகுப்பின் 17 ஆம் பதிப்பு இதற்கு ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்பை விரைவாக்குவதற்கு மாறாக, மொழிபெயர்ப்பே தேவைப்படாதபடி செய்வது அத்தீர்வாகும். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தையே எக்ஸ்86 சில்லுக்கெனத் தொகுத்து, அந்தப் படிமத்தைப் போன்மியில் இயக்கினர். கட்டளைகள் கணினியின் சில்லுக்கு நேரே புரிவதால் அவை அப்படியே ஓடின. இதற்குச் சில்லில் உள்ள மெய்நிகராக்க வசதி பயன்படுத்தப்பட்டது. இன்டெல் சில்லுகளில் இது வி.டி.-எக்ஸ் எனவும் ஏஎம்டி சில்லுகளில் ஏஎம்டி-வி எனவும் பெயர் பெறும். திரையை வரையும் வேலையும் கணினியின் வரைகலை அட்டைக்கு மாற்றப்பட்டது. ஜாவாவில் எழுதப்பட்ட செயலிகளுக்குக் கீழேயுள்ள சில்லு எதுவெனத் தெரிய வேண்டியதில்லை. ஆதலால் அவை மாற்றமின்றி இயங்கின. சி, சி++ மொழிகளில் எழுதி ஆர்ம் சில்லுக்கு மட்டும் தொகுக்கப்பட்ட பகுதிகளைக் கொண்ட செயலிகள் இயங்கவில்லை. விளையாட்டுகள் பல இவ்வகையின.

இக்குறையை நீக்க, 2020 இல் வெளியான ஆண்ட்ராய்டு 11 இன் எக்ஸ்86 படிமத்தில் ஆர்ம் கட்டளைகளை மொழிபெயர்க்கும் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. இங்கு மொழிபெயர்ப்பு செயலியின் எல்லைக்குள் மட்டுமே நிகழ்கின்றது. இயங்குதளம் முழுவதும் நேரடியாகவே ஓடுகின்றது.

அதே 2020 இன் நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் எம்1 சில்லைக் கொண்ட கணினிகளை வெளியிட்டது. அவை ஆர்ம் வகையின. இதனால் எட்டு ஆண்டுகளாக விரைவுக்குரியனவாகக் கருதப்பட்ட எக்ஸ்86 படிமங்கள் அக்கணினிகளில் பயனற்றுப் போயின. மெதுவானவை என ஒதுக்கப்பட்ட ஆர்ம் படிமங்கள் நேரடியாக ஓடின. எந்தப் படிமம் விரைவானது என்பது கணினியைப் பொறுத்ததே என்பதற்கு இதனை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மெய்நிகர் சாதனத்தை அமைத்தல்

மெய்நிகர் சாதனம் என்பது சில அமைப்புக் கோப்புகளும் வட்டுப் படிமங்களும் அடங்கிய ஓர் அடைவே ஆகும். பயனரின் இல்ல அடைவில் ஆண்ட்ராய்டு என்னும் மறைந்த உள் அடைவில் இது சேமிக்கப்படுகின்றது. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக நினைவிடமும் நிறுவிய செயலிகளும் இருக்கும்.

அமைக்கத் தொடங்குமுன் கணினியில் மெய்நிகராக்க வசதி இயக்கப்பட்டுள்ளதா எனச் சரிபார்ப்பது முதல் வேலை. கணினிகள் பலவற்றில் இவ்வசதி சில்லில் இருந்தும் பயாஸ் அமைப்பில் நிறுத்தப்பட்டிருக்கும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில் இதன் நிலை காட்டப்படும். நிறுத்தப்பட்டிருந்தால், கணினியை மீளத் தொடங்கிப் பயாஸ் அமைப்பில் இயக்க வேண்டும். போன்மி இயங்கவில்லை அல்லது தாங்கமுடியாத அளவு மெதுவாக உள்ளது என்னும் முறையீடுகளில் பெரும்பகுதி இவ்விடத்திலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, இயங்குதளம் இவ்வசதியைப் போன்மிக்கு வழங்க வேண்டும். லினக்சில் கருனியின் பகுதியான கேவிஎம் இதனைச் செய்கின்றது. பயனருக்கு அதனை அணுகும் உரிமை இருக்க வேண்டும். மாக்கில் ஆப்பிளின் ஹைப்பர்வைசர் கட்டமைப்பு ஏற்கெனவே உள்ளது. விண்டோஸில் நெடுங்காலம் இன்டெல் நிறுவனத்தின் ஹேக்ஸ்எம் என்னும் இயக்கி பயன்பட்டது. அதன் உருவாக்கத்தை இன்டெல் 2023 இல் நிறுத்திவிட்டது. எனவே ஹேக்ஸ்எம்மை நிறுவுமாறு கூறும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டியதில்லை. விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் உள்ள விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்மை இயக்கினால் போதும்.

இதன் பின், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் சாதன மேலாளரில் புதிய சாதனம் உருவாக்கப்படுகின்றது. முதலில் வன்பொருள் வகை தேர்ந்தெடுக்கப்படும். இங்கு குறிப்பிட்ட தொலைபேசியின் பெயரைத் தேர்ந்தாலும், அதன் திரையளவு, புள்ளியடர்த்தி போன்றவையே பின்பற்றப்படும். அத்தொலைபேசியின் சில்லோ ஒளிப்படக்கருவியோ வந்துவிடுவதில்லை.

பின்னர் இயங்குதளப் படிமம் தேர்ந்தெடுக்கப்படும். ஒவ்வொரு ஆண்ட்ராய்டுப் பதிப்புக்கும் ஏபிஐ நிலை என்னும் எண் உண்டு; ஆண்ட்ராய்டு 11 இன் எண் 30, ஆண்ட்ராய்டு 14 இன் எண் 34. படிமங்கள் மூன்று வகையின. திறந்த மூல ஆண்ட்ராய்டு மட்டும் கொண்டது ஒன்று. கூகிளின் நிலப்படம் முதலிய சேவைகளையும் கொண்டது மற்றொன்று. கூகிள் பிளே கடையையும் கொண்டது மூன்றாவது. மூன்றாம் வகை விற்பனைத் தொலைபேசியைப் போன்று பூட்டப்பட்டது. அதில் மூலப்பயனர் உரிமை கிட்டாது. இயங்குதளத்தின் உட்கோப்புகளை ஆராய விரும்பும் மாணவர் முதலிரு வகைகளில் ஒன்றையே தேர வேண்டும். படிமத்தின் சில்லு வகை கணினியின் சில்லு வகையுடன் பொருந்துவதும் இங்கு கவனிக்கத் தக்கது.

படிமம் ஒன்று ஒரு கிகாபைட்டுக்கும் மேற்பட்ட பதிவிறக்கமாகும். சாதனம் அமைந்தபின் வட்டில் அது பல கிகாபைட்டு இடத்தைக் கொள்ளும். கூகிள் பரிந்துரைக்கும் கணினி நினைவகம் 16 கிகாபைட்டு.

இயக்குதல்

சாதன மேலாளரில் உள்ள இயக்குப் பொத்தானை அழுத்தினால் போன்மி தொடங்கும். முதல் தொடக்கம் தொலைபேசியை முதன்முறை இயக்குவது போன்றே நேரம் எடுக்கும். மூடும்போது போன்மி தன் நினைவகத்தின் நிலை முழுவதையும் ஸ்னாப்ஷாட் எனப்படும் கோப்பாக வட்டில் எழுதி வைக்கின்றது. மறுமுறை அந்நிலையிலிருந்தே தொடர்வதால் சில நொடிகளில் திரை வந்துவிடும். 2017 டிசம்பரில் வந்த இவ்வசதி விரைவுத் தொடக்கம் எனப்படும்.

இவ்வசதிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. வாரக்கணக்கில் ஒரு சாதனம் உண்மையில் மீளத் தொடங்கப்படாமலேயே இருந்துவிடக்கூடும். நேரம் பிழையாகக் காட்டுதல், இணையம் கிட்டாமை போன்ற விளக்கமற்ற கோளாறுகள் தோன்றினால், குளிர்த் தொடக்கம் என்னும் தெரிவைக் கொண்டு ஸ்னாப்ஷாட்டைப் புறக்கணித்துத் தொடங்குவது நன்று. அதுவும் பயனளிக்காவிடில் தரவு அனைத்தையும் அழிக்கும் தெரிவு உண்டு. சாதனம் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பும்.

செயலிகளை நிறுவ, அவற்றின் ஏபிகே கோப்பைச் சாளரத்தின் மீது இழுத்து விட்டால் போதும். கணினிக்கும் சாதனத்துக்கும் இடையே பாலமாக அமைவது ஏடிபி என்னும் கருவியாகும். போன்மி ஒவ்வொன்றும் இரண்டு போர்ட் எண்களை எடுத்துக்கொள்ளும். முதற் போன்மி 5554, 5555 ஆகியவற்றையும், இரண்டாவது 5556, 5557 ஆகியவற்றையும் எடுக்கும். இரட்டைப்படை எண் கட்டுப்பாட்டு முனையத்துக்கும் ஒற்றைப்படை எண் ஏடிபிக்கும் உரியன. சாளரத்தின் தலைப்பில் காணப்படும் 5554 என்னும் எண் இதுவே. ஒரு போன்மியின் தொலைபேசிச் செயலியில் 5556 எனச் சுழற்றினால் மற்றொரு போன்மியில் மணி ஒலிக்கும். குறுஞ்செய்தியும் அவ்வாறே அனுப்பலாம்.

வலையமைப்பு

தொடக்கநிலை மாணவர் மிகுதியாக இடறி விழும் இடம் இதுவாகும். தம் கணினியிலேயே வலைவழங்கி ஒன்றை இயக்கிவிட்டு, செயலியில் 127.0.0.1 என முகவரி கொடுத்தால் இணைப்பு மறுக்கப்படும். காரணம், போன்மியினுள் 127.0.0.1 என்பது அந்த மெய்நிகர் சாதனத்தையே குறிக்கும். அதனைத் தாங்கும் கணினியைக் குறிக்காது.

ஒவ்வொரு போன்மியும் தனக்கென ஒரு மெய்நிகர் திசைவியின் பின்னே அமர்ந்துள்ளது. அந்த வலையமைப்பில் திசைவியின் முகவரி 10.0.2.1, சாதனத்தின் முகவரி 10.0.2.15. தாங்கும் கணினியை அடைவதற்கென ஒதுக்கப்பட்ட சிறப்பு முகவரி 10.0.2.2 ஆகும். செயலியில் இதனை இட்டால் கணினியில் இயங்கும் வழங்கி கிட்டும்.

முகவரியைத் திருத்திய பின்னரும் இணைப்பு தோல்வியுறுமாயின், அடுத்த காரணம் பெரும்பாலும் மறையாக்கம் ஆகும். ஆண்ட்ராய்டு 9 ஐயும் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் இலக்காகக் கொண்ட செயலிகள், மறையாக்கப்படாத இணைப்புகளை இயல்பாக அனுமதிப்பதில்லை. சோதனைக்கெனச் செயலியின் அமைப்பில் விலக்கு அளிக்க வேண்டும். இது போன்மியின் குறையன்று. உண்மைத் தொலைபேசியிலும் இவ்வாறே நிகழும். மாறாக, பிங் கட்டளை பதிலின்றி நிற்பது போன்மியின் வரம்பாக இருக்கக்கூடும். ஐசிஎம்பி நெறிமுறை இதில் எல்லாச் சூழல்களிலும் ஆதரிக்கப்படுவதில்லை. எனவே பிங்கைக் கொண்டு இணையம் இல்லை என முடிவு செய்தல் தவறு.

புற உலகைப் பாவித்தல்

சாளரத்தின் பக்கத்திலுள்ள கட்டுப்பாட்டுப் பலகத்தில், சாதனம் உணரும் உலகை மாற்றி அமைக்கலாம். மின்கலத்தை 5 விழுக்காட்டுக்கு இறக்கலாம், வலையமைப்பைப் பழைய இரண்டாம் தலைமுறை வேகத்துக்குக் குறைக்கலாம், அழைப்பு வரச் செய்யலாம், சாதனத்தைச் சாய்க்கலாம். செயலி பயன்பாட்டில் இருக்கும்போது அழைப்பு வந்தால் என்னாகும் என்பதை நண்பர் ஒருவரின் உதவியின்றியே அறிய முடிவது இதன் பயன். ஒளிப்படக்கருவிக்குக் கணினியின் வலைக்கருவியைப் பயன்படுத்தலாம். அல்லது மெய்நிகர் வீடு ஒன்றைக் காட்டலாம். அவ்வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் கூட உண்டு.

இட அமைப்பைப் பொறுத்தவரை, புதிய போன்மி கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் உள்ள கூகிள் தலைமையகத்தில் இருப்பதாகவே கருதிக்கொள்ளும். நிலப்படத்தில் வேறிடம் தேர்ந்து இதனை மாற்றலாம். கட்டுப்பாட்டு முனையத்தில் ஜியோ ஃபிக்ஸ் என்னும் கட்டளையாலும் மாற்றலாம். பின்னதில் நெட்டாங்கு முதலிலும் அகலாங்கு அடுத்தும் வர வேண்டும் என்பது மறக்கத் தக்கதன்று. பொது வழக்கு இதற்கு நேர்மாறானது. சென்னையின் 13.08, 80.27 ஆகிய எண்களை வழக்கமான வரிசையில் இட்டால், சாதனம் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

சாதனத்தின் மொழியைத் தமிழாக மாற்றிச் சோதிப்பதும் பயனுடையது. ஆங்கிலத்துக்கென அமைத்த பொத்தான்களில் தமிழ்ச் சொற்கள் அடங்காமல் வெட்டுப்படுவதையும், எழுத்தளவைப் பெரிதாக்கும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் வெவ்வேறு திரையளவுகளில் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம்.

வரம்புகள்

போன்மி விரைவானமைக்குக் காரணமே அதன் முதன்மை வரம்பும் ஆகும். எக்ஸ்86 படிமம் கணினியின் சில்லில் நேரடியாக ஓடுகின்றது. வரைகலை வேலையைக் கணினியின் அட்டை செய்கின்றது. எனவே செயலி போன்மியில் எத்தனை விரைவாக ஓடுகின்றது என்பது தொலைபேசியில் அது எவ்வாறு ஓடும் என்பதைப் பற்றி எதுவும் கூறாது. 2011 இல் போன்மி தொலைபேசியை விட மெதுவாக இருந்தது. இன்று நல்ல கணினியில் மலிவான தொலைபேசிகளை விட விரைவாக இருக்கின்றது. இரண்டும் அளவுகோலாகா.

மின்கலம் எவ்வளவு விரைவில் தீரும் என்பதையும், நெடுநேரப் பயன்பாட்டில் சாதனம் சூடேறி வேகம் குறைவதையும் இதில் காண முடியாது. மேலும் போன்மியில் உள்ளது கூகிளின் ஆண்ட்ராய்டு. சாம்சங், சியோமி போன்ற நிறுவனங்கள் தம் தொலைபேசிகளில் செய்யும் மாற்றங்கள் இதில் இல்லை. பின்னணியில் இயங்கும் செயலிகளை மின்கலச் சேமிப்புக்காக நிறுத்திவிடும் வழக்கம் அத்தகைய மாற்றங்களுள் ஒன்று. நினைவூட்டல் செயலி ஒன்று போன்மியில் தவறாது மணியடித்தும் பயனரின் தொலைபேசியில் மௌனமாய் இருந்துவிடுவது இதனாலேயே.

கணினியின் வலிமையும் கருதத் தக்கது. 4 கிகாபைட்டு நினைவகம் கொண்ட கணினியில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் போன்மியும் ஒருசேர இயங்குவது ஏறத்தாழ இயலாதது. அத்தகைய கணினியை உடைய மாணவர், பழைய தொலைபேசி ஒன்றை யூஎஸ்பி வடத்தால் இணைத்துப் பயன்படுத்துவதே சிறந்தது. தொலைபேசி கிடைக்காதோருக்கு மாற்றாகத் தொடங்கிய போன்மி, இப்போது தொலைபேசியை விட விலை மிகுந்த கணினியைக் கேட்கின்றது. தொலைபேசியில் நிரலாளர் தெரிவுகளைத் திறந்து யூஎஸ்பி வழுநீக்கத்தை இயக்கினால், போன்மியுடன் பேசும் அதே ஏடிபி கருவி அதனுடனும் பேசும். போன்மியைத் தவிர்க்க இயலாதெனில், பழைய ஆண்ட்ராய்டுப் பதிப்பின் படிமத்தையும் சிறிய திரையையும் தேர்ந்து, ஸ்டூடியோவைத் திறக்காமல் கட்டளை வரியிலிருந்து போன்மியை மட்டும் இயக்குவது சுமையைக் குறைக்கும்.

போன்மியைக் கண்டறிதல்

தான் போன்மியில் இயங்குவதை ஒரு செயலி பல வழிகளில் அறிந்துகொள்ள இயலும். போன்மியின் இயல்பான தொலைபேசி எண் 15555215554 என்பது. அதன் இறுதி நான்கு இலக்கங்கள் போர்ட் எண்ணே. கருனியிலும் வன்பொருள் பெயர்களிலும் கோல்டுஃபிஷ், ரான்ச்சு போன்ற அடையாளங்கள் இருக்கும். இவையிரண்டும் தங்கமீன் வகைகளின் பெயர்கள்.

வங்கிச் செயலிகளும் சில விளையாட்டுகளும் மோசடியைத் தடுக்கப் போன்மியில் இயங்க மறுக்கின்றன. தீநிரல்களும் இதே உத்தியைக் கையாளுகின்றன. தன் கடைக்கு வரும் செயலிகளைத் தானியங்கு முறையில் சோதிக்கும் பவுன்சர் என்னும் அமைப்பைக் கூகிள் 2012 பிப்ரவரியில் அறிவித்தது. அதே ஆண்டில் பாதுகாப்பு ஆய்வாளர்களான ஜான் ஓபர்ஹைடு, சார்லி மில்லர் ஆகியோர், அச்சோதனை கியூஎமு போன்மியினுள் நிகழ்வதைச் செயலி ஒன்றே கண்டுகொள்ள முடியும் எனக் காட்டினர். சோதிக்கப்படுவதை அறிந்த தீநிரல் அவ்வேளையில் நல்ல நிரலாக நடந்துகொள்ளலாம்.

பிற மென்பொருள்கள்

ஆண்ட்ராய்டைக் கணினியில் இயக்கும் பிற மென்பொருள்களும் உண்டு. புளூஸ்டாக்ஸ் விளையாட்டுகளுக்கெனப் பயன்படுவது, நிரலாளருக்கு உரியதன்று. விர்ச்சுவல்பாக்ஸை அடித்தளமாகக் கொண்டு வந்த ஜெனிமோஷன், கூகிளின் போன்மி மெதுவாக இருந்த காலத்தில் நிரலாளரிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. லினக்சுப் பயனருக்கான வேடிராய்டு, தனிக் கருனி இல்லாமல் கணினியின் கருனியையே பகிர்ந்துகொள்கின்றது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 11 இல் ஆண்ட்ராய்டுச் செயலிகளை இயக்க வழங்கிய துணை அமைப்புக்கான ஆதரவு 2025 மார்ச் 5 அன்று முடிவுற்றது.